சோதித்தவர்தான் முதலில் போக வேண்டும்

பதினோரு வருடமாக மனிதர்களை மலையிலிருந்து தள்ளிவிடுவதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரத்தில், ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்கு எஃகுக் கம்பி கட்டி, அதில் கப்பியை மாட்டி ஆட்களைச் சறுக்க விடும் பூங்கா எங்களுடையது. ஜிப்லைன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அது ஃப்ளையிங் ஃபாக்ஸ்தான். புறப்படும் மேடைக்கு நான் தலைமை. பள்ளிப் பிள்ளைகள், கம்பெனி ஆட்கள், கல்யாண நாளைக் கொண்டாட வந்து மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்ட ஒரு ஜோடி, எல்லாரையும் என் கையால் கொக்கி மாட்டி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கர்வம் வருகிறது. வரட்டும், அதை மறைக்க எனக்குத் தெரியாது.

போன வருடம் அந்தக் கை மரத்துப் போனது. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது தேறிவிட்டேன். கை மரத்துப் போவதை ஏதோ வாயு என்று சொல்லித் தள்ளிப் போடுகிறவர்கள் என் சொந்தத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படித்த பிறகும் டாக்டரைப் பார்க்காமல் இருந்தால் நேரில் வந்து திட்டுவேன்.

எங்கள் மேடையின் இரண்டு பழக்கங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். காலையில் பூங்கா திறக்கும் முன் கம்பி, கப்பி, பிரேக் எல்லாவற்றையும் நான் சோதிப்பேன். பிறகு ஒரு மணல் மூட்டையை அனுப்பிப் பார்ப்போம். அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும், போகிற முதல் ஆள் நான்தான். சோதித்தவர்தான் முதலில் போக வேண்டும். இது கம்பெனி போட்ட சட்டம் இல்லை, நான் போட்டது. தொங்கப் போவது தன் உயிர் என்று தெரிந்தால் யாருக்கும் சோம்பல் வராது.

இன்னொன்று, ஒருவர் மாட்டிய கொக்கியை மற்றவர் தொட்டுப் பார்ப்பது. கொக்கியின் வாயைப் பூட்ட ஒரு திருகு இருக்கும். அது இறுகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் திருகிப் பார்க்க வேண்டும். நான் மாட்டியதைத் தொட்டுப் பார்க்கிறவன் ரோஸ்லி. பந்திங்காரன், ஒன்பது வருடமாக என்னோடு அந்த மேடையில் நிற்கிறான். மலாய்க்காரர்கள் அக்காவை அழைப்பதுபோல் என்னைக் 'காக்' என்பான். அவன் அசந்துவிடக் கூடாது என்பதற்காக, மணல் மூட்டைக்கு மாட்டும்போது சில நாள் வேண்டுமென்றே ஒரு திருகைத் திறந்து விடுவேன். அவன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் "டாப்பாட், காக்!" என்று கத்துவான். மாட்டிக்கொண்டாயா, பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். ஆட்களிடம் இந்த விளையாட்டு கிடையவே கிடையாது. மூட்டையோடு சரி.

எனக்கு முதலில் வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்தன. கையுறை இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துப் பெரிய அளவு வாங்கினேன். பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. ரவிக்கை ஊக்கு போட முடியவில்லை. கையிலிருந்த டம்ளர் நழுவியது எனக்கே தெரியாது, சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன். அப்படிக் குனியும்போது முதுகில் சுருக்கென்று கரண்ட் பாய்ந்தது. இத்தனையும் நடந்தும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணால் சமாளித்தேன்.

ஒரு காலையில் ரோஸ்லி "டாப்பாட், காக்!" என்று கத்தினான். அன்றைக்கு நான் எந்தத் திருகையும் திறந்து விடவில்லை. மறந்திருப்பேன் என்று நினைத்தேன். மறுநாளும் கத்தினான். அதற்கு மறுநாளும். என் விரல் இறுக்கிவிட்டோம் என்று நம்பிய திருகுகள் பாதியில் நின்றிருந்தன. அவனோ, காக் இந்த மாதம் ரொம்பக் கறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். "பாகுஸ்" என்று நானும் அவனைப் பாராட்டினேன். நல்லது என்று அர்த்தம். அதில் ஒரு நல்லதும் இல்லை. மூன்று வாரம் அவனை அப்படி ஏமாற்றினேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படும் பகுதி இதுதான், மற்றதற்கெல்லாம் தலை நிமிர்ந்தே இருப்பேன்.

பிறகு செந்தூலிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பயந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இரண்டு கொக்கியும் மாட்டினேன். ரோஸ்லி தொட்டான். ஒரு திருகு திறந்திருந்தது. அவன் சத்தம் போடாமல் இறுக்கினான், அவரை அனுப்பினான், அவர் அக்கரை சேரும்வரை காத்திருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் மெதுவாகக் கேட்டான்.

"காக், மனுசங்க கொக்கியில நாம டெஸ்ட் பண்றதில்லையே?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. நான் கையுறையைக் கழற்றினேன்.

"டெஸ்ட் இல்ல ரோஸ்லி. எனக்கு விரல்ல ஒண்ணுமே தெரியல. மூணு வாரமா தெரியல."

வாக்கி-டாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். வரிசையில் நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. பதினோரு வருடத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் அந்தப் படியிறக்கத்தைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் பெரிய நாத்தனார் தனம் பூக்கடை வைத்திருக்கிறார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கிள்ளானில் கழுத்துச் சொடக்கு எடுக்கிற ஓர் ஆளிடம் அழைத்துப் போவதாக அவர் திட்டம் போட்டிருந்தார். அதற்கு முன் அவர் கடைக்கு அடுத்த வரிசையிலிருந்த கிளினிக்குக்குப் போனோம். அங்கே டாக்டர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், உடனே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சொடக்குக்காரரிடம் போகவே கூடாது என்று அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அக்காவுக்கு அவர்மேல் இன்னும் வருத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் எண் சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்கும் வித்தையை அங்கேதான் கற்றேன். சிப்பாங்குத் தோட்டத்துப் பாட்டாளி, மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர், கழுத்துப் பட்டையோடு ஒரு போலீஸ்காரர், எல்லாருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. என் வீட்டுக்காரர் சேகரன், துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், நாற்காலியில் சாய்ந்தவுடனே தூங்கிவிடுவார். எண் அறிவிக்கும் மணி அடித்தால் மட்டும் "நம்மளுதா?" என்று கண்ணைத் திறப்பார்.

அறுவை மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிட வயதில் சின்னவர். நடு விரலின் நகத்தை மெல்லச் சுண்டினார். சுண்டியது நடு விரலை, துள்ளியது கட்டை விரல். அப்படித் துள்ளக் கூடாதாம். பிறகு பத்து விநாடிக்குள் கையை எத்தனை முறை மூடித் திறக்க முடியும் என்று எண்ணச் சொன்னார். நல்ல கை இருபதைத் தாண்டும். நான் ஒன்பதில் நின்றேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு குறைவாக மார்க் வாங்கியதில்லை.

அடுத்தது எம்.ஆர்.ஐ. காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுக்கும் குழாய். பள்ளத்தின் மேல் காலைத் தொங்கவிட்டுச் சிரிக்கிறவள் நான், அந்தக் குழாய்க்குள் போனதும் நடுங்கிவிட்டேன். தகரக் கூரைமேல் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் அரை மணி நேரம் ஓயவில்லை. நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலிக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முழித்தார். வெளியே வந்து பார்த்தால், அதைத் தன் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் மறைத்திருக்கிறார்.

"பாக்கெட்ல வெச்சா விழுந்துரும்லா. இதான் சேஃப்டி."

நர்ஸ் மிஸ்ஸி சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

படத்தை டாக்டர் விளக்கினார். கழுத்தில் ஏழு எலும்பு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தையாக ஒரு ஜவ்வு. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் உள்ள ஜவ்வு பின்னால் பிதுங்கி, மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு குறையும் இல்லை, கைக்குச் செய்தி போகும் வழியில்தான் அடைப்பு. கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, அந்த ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கூடு ஒன்றை வைத்து, தகட்டாலும் திருகாணியாலும் இறுக்குவார்கள்.

"முன்னாடி கழுத்த அறுக்குறதா? ஜவ்வு பின்னாடிதானே இருக்கு? இந்தம்மாவுக்கு வழி தெரியுமா, கேளு கலை" என்று கூட வந்திருந்த தனம் அக்கா என்னிடம் சொன்னார்.

முன்பக்கம் தசையை வெட்டாமல் ஒதுக்கினாலே எலும்புக்குப் போய்விடலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தொண்டை கொஞ்ச நாள் கரகரக்கும் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். விரலில் உணர்ச்சி திரும்புமா? அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். ஆபரேஷன் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பொய் சொல்லாமல் சொன்னாரே என்று அவரைப் பிடித்துப்போனது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, பார்வையாளர் நேரம். என் வீட்டுக்காரர் மீகூன் சேமியாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் என் மேடைக்கு ஒரு நாளும் ஏறியதில்லை. என்னை அழைத்துப் போக வந்தால் கார் நிறுத்துமிடத்தோடு சரி. உயரம் என்றால் பயம் என்று மட்டும் சொல்வார். அன்றைக்குக் காரணத்தைச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன் அவர் மலைச்சரிவில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார். லோரி ஏற முடியாத சரிவுகளில் வெட்டிய பழக் குலைகளை வலையில் கட்டி, பள்ளத்தின் குறுக்கே கம்பியில் மாட்டி ரோட்டுப் பக்கம் விடுவார்கள். குலைக்குத்தான் கம்பி, ஆளுக்கு இல்லை. சுற்றி நடந்து வர அலுப்புப் பட்டு ஒரு நாள் அவர் வெறும் வலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"குலையோட வெயிட்டுக்குத்தான் அது அந்தப் பக்கம் போவும். நான் அப்ப ஒல்லி. நடுப் பள்ளத்துல போயி நின்னுருச்சி. முன்னாடியும் போவல, பின்னாடியும் போவல. கயிறு தேடிக் கொண்டாந்து இழுக்குற வரைக்கும் தொங்கிக்கிட்டே கெடந்தேன். சிலுவார்லயே மூத்திரம் போயிட்டேன், கலை. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

"இத்தன வருசம் எங்கிட்டகூட சொல்லலியே?"

"நீ அந்த மேல நிக்கிறப்ப கீழேருந்து பாப்பேன். எனக்கு காலு கூசும். ஆனா பெருமையா இருக்கும். இதச் சொன்னா நீ சிரிச்சிருவேன்னு சொல்லல."

நான் சிரிக்கத்தான் செய்தேன். கழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தேன். என் பயத்தைப் போக்க அவரிடம் இருந்த ஒரே பொருள் அவருடைய வெட்கம், அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

ஆபரேஷன் அறையில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வார்டில் ஒரு மிஸ்ஸி என் பெயர், அடையாள அட்டை எண், என்ன ஆபரேஷன் என்று கேட்டார். கதவருகே இன்னொருவர் அதையே கேட்டுக் கைப்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே மயக்க மருத்துவர் மறுபடியும் கேட்டார். பக்கத்துத் தள்ளுவண்டியில் இருந்த அம்மா, எத்தனை தரம் கேட்பீர்கள் என்று எரிச்சல் பட்டார். எனக்கோ சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஒருவர் மாட்டியதை இன்னொருவர் தொடுகிறார்! கத்தி வைக்கும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் கையை நிறுத்தி, ஒருவருக்கொருவர் சரிபார்த்துச் சொல்லுவார்களாம். "நாங்களும் இப்படித்தான் செய்வோம்" என்று மயக்க மருத்துவரிடம் பெருமையாக ஆரம்பித்தேன். எங்கே என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. பதிலை முடித்தேனா என்று தெரியவில்லை.

விழித்தபோது தொண்டையில் முள், கழுத்தில் பட்டை. குரல் தவளைக்குப் போட்டியாக இருந்தது. இரண்டு நாள் கஞ்சி, அதையும் சொட்டுச் சொட்டாக விழுங்கினேன். கை அப்படியேதான் இருந்தது. மூன்றாவது நாள் தனம் அக்கா பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமல் வைத்துவிட்டுக் கீழே போனார். நானே திறக்கப் பார்த்தேன். கட்டை விரலுக்கடியில் ஏதோ வரி வரியாக உரசியது. மூடியின் மரை. முதலில் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திருகினேன். ஒவ்வொரு வரியும் தெரிந்தது. மூடினேன், திறந்தேன், மூடினேன். அக்கா திரும்பி வந்தபோது ரசம் ஆறிப்போய்விட்டது.

"புடிக்கலன்னா சொல்லிட வேண்டியதுதானே, ஏன் அழுவுற?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுக்கச் சொன்னார்கள். அக்கா தினமும் ஒரு பை மல்லிகையை அனுப்பினார். நான் கட்டிய முதல் சரத்தைத் தூக்கிப் பார்த்து, "சாமி கோச்சிக்கும், நம்ம பூனைக்குப் போடலாம்" என்றார். ஒரு மாதம் கழித்து என் சரம் அவர் கடையில் விலைக்குத் தொங்கியது. யார் கட்டியது என்று அவர் வாங்குகிறவர்களிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன், கடைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் பத்து விநாடிக்குப் பத்தொன்பது. இன்னொரு தரம் என்று பிடிவாதம் பிடித்து இருபத்தொன்று எடுத்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் மெல்லிய துணி சுற்றியதுபோல் ஓர் உணர்வு இன்னும் உண்டு. எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் கம்பியில் போவது இனிமேல் கூடாது. கடைசியில் பிரேக் பிடிக்கும்போது கழுத்துக்கு வரும் உலுக்கலை அந்த எலும்பு தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் இடித்தது. சோதித்தவர்தான் முதலில் போக வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். போக முடியாதவளுக்குச் சோதிக்க என்ன உரிமை? மேலாளர் டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொன்னார். ரோஸ்லி, "நீங்க சோதிங்க காக், நான் போறேன்" என்றான். மாட்டேன் என்றேன். மூன்று வாரம் நான் ஏமாற்றிய ஆளையே என் விரலை நம்பித் தொங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் எனக்கே என் விரல்மேல் நம்பிக்கை வரவில்லை. இதையெல்லாம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, பராமரிப்பு நாள். கவுண்டருக்கா மேடைக்கா என்று முடிவு சொல்லப் போனேன். கொண்டுபோய் விட்டவர் காரிலேயே இருப்பார் என்று நினைத்தேன். பின்னாலேயே இறங்கி வந்தார். மேலாளரிடம் முன்பே பேசி, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"ஒன் சட்டம் எனக்குப் புரியுது. ஆளு அசந்துறக் கூடாது, அதானே? நம்ம வீட்டு ஆளு ஒருத்தரு போனா நீ அசருவியா?" என்றார்.

"ஏங்க, வேணாம்."

"நீ மாட்டு. நான் போறேன்."

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தன் காலையே பார்த்தபடி படியேறினார். எத்தனை படி என்று நடுவில் கேட்டார். எண்ண வேண்டாம் என்றேன். நான் கம்பியைச் சோதித்தேன், கப்பியைச் சோதித்தேன், மணல் மூட்டைக்கு மாட்டினேன். ரோஸ்லி தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினான். மூட்டை போய்ச் சேர்ந்தது.

பிறகு அவருக்கு இடுப்புவார் கட்டினேன். முதல் கொக்கியை மாட்டியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை நம்பித்தானே அத்தனை வாரமும் கெட்டேன். மரை விரலுக்கடியில் வரி வரியாக ஓடி இறுகி நின்றது. இரண்டாவதும் அப்படியே நின்றது. ரோஸ்லி இரண்டையும் தொட்டான். கத்தவில்லை. கட்டை விரலை உயர்த்தினான்.

"கத்தலாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நல்லாக் கத்துங்க."

அக்கரையிலிருந்து வழி சரி என்று வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. இன்னும் முழுதாகத் தேறாத என் தவளைக் குரலில் நானும் "கிளியர்" என்றேன். அவர் போனார். பெருமாளே என்று தொடங்கிய கத்தல் நடுப் பள்ளத்தில் வெறும் சத்தமாகி, அதற்கும் அப்பால் போய், பிரேக் பிடிக்கும் ஓசையோடு நின்றது. நான் மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வாக்கி-டாக்கி இரைந்தது. அக்கரை ஆளிடமிருந்து அவர் அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"கலை. நடுவுல நிக்கல. நடுவுல நிக்கவே இல்ல, கலை."

ரோஸ்லிக்குத் தமிழ் தெரியாது. என் கண்ணைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பயந்துபோய்க் கேட்டான்.

"கிளியர்" என்றேன்.